வரிசையைப் பிளந்த கோடு



பசித்தவனை நோக்கி, "நீ பசித்தவன் என்பதற்குச் சான்று எங்கே?" என்று கேட்கும் அரசாங்கத்தைக் கண்டதுண்டா? 1997 ஜூன் திங்களில் இந்தியாவிலே அந்தக் கேள்வி ஒரு திட்டமாகவே வந்தது. எல்லோருக்கும் பொதுவாயிருந்த ரேஷன் கடையின் வாயிலில் வறுமைக் கோடு கிழிக்கப்பட்டது. கீழே நிற்போருக்கு மலிவு விலை. மேலே நிற்போர் சந்தைக்குச் செல்லலாம்! 1991-இல் புகுந்த புதிய பொருளாதாரக் கொள்கை, மானியத்தைச் சுமையென்று பேசக் கற்பித்ததன் விளைவு இது.

"ஏழைக்கு மட்டும் கொடுப்பது நியாயந்தானே?" என்று நம்மவரிலேயே சிலர் கேட்கின்றனர். காதுக்கு இனிய வாதந்தான். ஆனால், ஏழை யார் என்று தீர்ப்புக் கூறுவது யார்? 2002-ஆம் ஆண்டு கிராமப்புறக் கணக்கெடுப்பில் 13 கேள்விகள் கேட்டனர். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். ஆளுக்கு எத்தனை ஆடை என்பதும் அவற்றில் ஒன்று! ஒரு சட்டை கூடினால் மதிப்பெண் கூடும்; மதிப்பெண் கூடினால் அட்டை கைநழுவும். பரீட்சையில் தேறியவன் பட்டினி கிடக்க வேண்டும். என்னே விந்தை!

கேடு அதோடு நிற்கவில்லை. 2000-இல் கோட்டுக்கு மேலிருந்தோருக்கு அடக்கவிலை முழுவதையும் விதித்தனர். ஆசிரியரும் குமாஸ்தாவும் வரிசையை விட்டு விலகினர். அவர்கள் நின்றவரை, எடை குறைந்தால் தட்டிக்கேட்க ஆளிருந்தது, அதிகாரிக்கு மனு எழுதக் கையிருந்தது. அவர்கள் போனபின், எஞ்சிய கூலிக்காரனின் குரல் யார் செவியில் ஏறும்? வாங்குவோர் குறைந்தனர், கிடங்குகள் நிரம்பின. 2001 ஜூலையில் அரசின் கையிருப்பு சுமார் 6 கோடி டன்! அதே ஆண்டு ஏப்ரலில்தான் ராஜஸ்தானத்துப் பட்டினியை முன்வைத்து உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது.

தமிழகம் அந்தக் கோட்டை ஏற்கவில்லை. அரிசி வேண்டாதோர் சர்க்கரை அட்டை பெற்றுக்கொள்ளலாம். விலகுவது அவரவர் விருப்பம், விலக்குவது அரசின் வேலையன்று. 2013-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2016 நவம்பரில் சேர்ந்தபோதும், அனைவருக்கும் என்ற முறையை அது விடவில்லை. மத்திய ஒதுக்கீட்டுக்கு மேற்பட்ட செலவை மாநிலமே சுமக்கிறது.

அச்செலவை வீண் என்று கணக்கெழுதுவோர் இன்றும் உளர். அவர்கள் திட்டக்குழு 2005-இல் வெளியிட்ட மதிப்பீட்டைப் புரட்டட்டும். ஏழைக்கு மட்டுமே என்று கோடு கிழித்து அனுப்பிய மானிய தானியத்தில் ஏறத்தாழ 58 விழுக்காடு அந்த ஏழையின் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்று எழுதியவர்கள் நாமல்லர், அவர்களே.