பழைய படக் கார்டுகள்

காரைக்குடியில் முனீசுவரன் கோயில் தெரு என்று ஒரு தெரு உண்டு. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த மரத்தூண்களும், பீங்கான் சாடிகளும், எனாமல் பாத்திரங்களும் அங்குள்ள பழம்பொருட் கடைகளிலே குவிந்திருக்கும். அவற்றினிடையே பழைய படக் கார்டுகளும் அகப்படுவதுண்டு. பர்மா, மலேயா, இலங்கை எனக் கடல் கடந்து வாணிகம் செய்த குடும்பங்களின் நாடாதலால் இதில் வியப்பில்லை. இத்தகைய கடைகளுக்குள், அவை எவ்வூரில் இருப்பினும், பாம்பன், தனுஷ்கோடிப் படங்களைத் தேடி நுழைவோர் பலர். கைப்பொருளை இழந்து வருந்துவோரும் அவர்களுள் சிலர் உளர்.

பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. அதன் நடுப்பகுதி இரு கதவுகள்போல் மேலெழுந்து கப்பலுக்கு வழிவிட்டு வந்தது. 2022 டிசம்பரில் அப்பாலத்தில் இரயில் ஓட்டம் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று அதனருகே புதிய பாலம் திறக்கப்பெற்றது. கதவு திறந்த அக்காட்சியையே எல்லோரும் விரும்புவர். எல்லோரும் விரும்புவதைத்தானே போலி செய்வார்கள்?

ஒரு கார்டிலே பாலத்தின் மீது இரயில் ஓடுகிறது. பின்புறத்திலோ ஏழாம் எட்வர்டு மன்னரின் தபால் தலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அம்மன்னர் 1910இலேயே மறைந்தார். இது போலிதான் என்று உடனே துணிந்துவிடலாமோ? ஆகாது. எஞ்சிய பழைய தலையைப் பிற்காலத்தில் ஒருவர் ஒட்டியிருக்கக் கூடும். நோக்க வேண்டியது முத்திரையின் தேதி. அது 1914க்கு முந்தியதாயின் வேறு விசாரணை வேண்டுவதில்லை. தலையைச் சேர்ப்பவர் எவரேனும் அதனை நீரில் ஊறவைத்து உரித்துக்கொண்டு போயிருந்தால், முத்திரையிற் பாதியும் உடன் போயிருக்கும், சான்றும் போயிற்று!

பூதக்கண்ணாடி ஒன்று கையில் இருத்தல் நன்று. பழுப்பு நிறம் ஒன்றே கொண்டதாகத் தோன்றும் படத்தில் நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளிகள் தெரிந்தால், அது இக்காலத்து இயந்திரம் ஈன்ற பழமை என்று ஐயுறலாம். தேயிலை நீரில் தோய்த்த தாள் பெரும்பாலும் எங்கும் ஒரே சீராக மங்கியிருக்கும். காலத்தால் மங்கியதோ ஓரங்களில் மிகுதியாகவும் நடுவில் குறைவாகவும் நிறம் மாறியிருக்கும்.

போலியை வாங்கியவர் இழப்பது பணம் மட்டுமே. நல்லதை வேண்டாமென்று விட்டுவந்தவரின் வருத்தமே பெரிது. பின்புறம் வெறுமையாயுள்ள தூய கார்டுக்கு மிகுந்த விலை கொடுத்து, கிறுக்கிய கையெழுத்தும் கசங்கிய மூலையும் உடையதைத் தள்ளிவிடுவோர் மிகப் பலர். 1914க்குப் பின் 'போட் மெயில்' பயணிகள் தனுஷ்கோடியில் இறங்கி, தலைமன்னாருக்குக் கப்பலேறினர். அதற்கு முன்னர்த் தூத்துக்குடி வழியாகக் கொழும்பு சென்றனர். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு எழுந்த புயலில் அவ்வூரும், இருப்புப்பாதையும், ஒரு பயணி வண்டியும் கடலுக்கு இரையாயின. பின்னர் அரசு அதனை வாழத் தகாத ஊர் என்று அறிவித்தது. இன்று அங்கே தபால் நிலையம் என்று காட்டப்படுவன இடிந்த சுவர்களே. கப்பலுக்குக் காத்திருந்த ஒருவர் வீட்டாருக்கு எழுதிய இரண்டு வரியும், அவ்வூர் முத்திரையும் உள்ள கசங்கிய கார்டின் பெருமையை இனி எந்த அச்சகமும் உண்டாக்க முடியாது.

இன்னொன்று. ஒரே குடும்பத்துக் கார்டுகள் சில வேளை கட்டாகவே வந்து சேரும். பாலம் உள்ள ஒன்றை மட்டும் உருவிக்கொண்டு போகிறார் ஒருவர். எஞ்சியவை நாலு திசைக்கும் பிரிந்து போகின்றன. எழுதியவர் யார், பெறுபவர் அவருக்கு என்ன உறவு என்பதெல்லாம் அந்தக் கட்டு ஒன்றாய் இருந்தவரையில்தான் தெரிந்தது. மறுவாரம் அவரே திரும்பி வந்து கேட்டாலும், எவரெவர் வாங்கினர் என்பது கடைக்காரருக்கு நினைவிராது.

வாங்கியதைக் கெடுப்பவரும் உண்டு. பசையிட்டு ஆல்பத்தில் ஒட்டுவார்கள். அல்லது பிளாஸ்டிக்கை உருக்கி மூடி 'லாமினேஷன்' செய்துவிடுவார்கள். பிறகு பிரித்தெடுக்க இயலாது. நம் கடற்கரையின் உப்புக் காற்றுக்கும் ஈரத்துக்கும் அமிலமற்ற தாளுறையும் உலர்ந்த பெட்டியுமே போதும். எங்கே, எப்பொழுது கிடைத்தது என்பதை அவ்வுறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள். கார்டின் மேல் அன்று.