விண்வடம் சுமையைப் பற்றுமா?



புவியைச் சுற்றிச் செல்லும் நீண்ட வடம் ஒன்று, தானும் சுழன்றவாறே, கீழிருந்து வரும் சுமையை நுனியால் பற்றி மேலே வீசக்கூடுமா? கூடுமாயின், ஏவூர்திக்கு வேண்டிய எரிபொருள் பெரிதும் குறையும். ஆயினும், இதுவரை எவ்வடமும் விண்ணில் சுமையைப் பற்றியதில்லை. 1996இல் கொலம்பியா விண்ணோடத்திலிருந்து விரித்த வடம், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீண்ட நிலையில் மின்பொறியால் அறுந்தது.

அருமை எங்குள்ளது என்பதைக் கணக்கால் அறிவோம். வடத்தின் நீளம் 100 கிலோமீட்டர், நுனியின் சுழல்வேகம் நொடிக்கு 1 கிலோமீட்டர் எனக் கொள்வோம். நுனியும் சுமையும் ஒரு கணம் ஒரே வேகத்தில் அருகருகே நிற்கும். அடுத்த நொடியில் இடைவெளி 5 மீட்டர். இரண்டாம் நொடியில் 20 மீட்டர். அதற்குள் பற்றாவிடில் வாய்ப்பு நழுவிவிடும்.

இந்தியாவின் ஸ்பேடெக்ஸ் ஆய்வை இதனோடு ஒப்பிடுவோம். 2024 டிசம்பர் 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற, ஏறத்தாழ 220 கிலோ எடையுள்ள இரு செயற்கைக்கோள்கள், 2025 ஜனவரி 12இல் 3 மீட்டர் வரை நெருங்கிப் பின்வாங்கின. 16ஆம் நாள் இணைந்தன. ஐயம் எழுந்தால் விலகி, மீண்டும் அணுக அங்கே காலம் இருந்தது. சுழலும் வடத்திற்கு அக்காலம் இல்லை. ஆகவே, பற்றும் கருவியைத் தனியே சோதித்தல் இன்றியமையாதது.

அதே ஏவூர்தியின் நான்காம் நிலையில், கயிற்றில் கட்டிய பொருளைக் கேமராவால் நோக்கி, அதன் அசைவை முன்கணித்துப் பிடிப்பதற்கான இயந்திரக் கையொன்றும் சோதனைக்கெனச் சென்றது. வடத்திற்கு வேண்டிய திறன்களுள் இம்முன்கணிப்பே முதன்மையானது. பரந்த வாயுடைய கொக்கியோ வலையோ வேண்டும். பற்றியபின் வடம் வெட்டி இழுக்காது சுமையை மெல்ல ஏற்கவும் வேண்டும்.

சொல்லிலும் தெளிவு தேவை. இரண்டும் ஒத்துழைத்துச் சேர்வது இணைதல். ஒன்று மற்றொன்றைக் கைக்கொள்வது பற்றுதல். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், மாணவருக்கு மேற்கண்ட கணக்கின் பொருளே மறைந்துவிடும்.

ஆசிரியர்களே, பள்ளித் திடலில் கயிற்று நுனியில் ஒரு பஞ்சுப்பந்தைக் கட்டி மெல்லச் சுழற்றுங்கள்; மாணவர் அதனைச் சிறு வலையால் பிடிக்கட்டும். எத்தனை முறை தவறியது, ஏன் தவறியது என்பதைத் தமிழில் எழுதச் செய்யுங்கள். அறிவியல் அக்குறிப்பேட்டில்தான் தொடங்குகிறது.