கைப்பேசிக்குள் சூதாட்டம்: சட்டம் எதுவரை வருகிறது?

(திருத்தணியில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



2022ஆம் ஆண்டு பள்ளிக்கல்வித் துறை நம்மிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. இணைய விளையாட்டுகள் மாணவர்களை எப்படிப் பாதிக்கின்றன என்ற கேள்விக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பதில் கொடுத்தோம். கொடுத்த கையோடு மறந்தும்விட்டோம். நமக்கு வரும் படிவங்களின் எண்ணிக்கை அப்படி! ஆனால் அந்தப் பதில்கள் வீணாகவில்லை. தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் வருவதற்கு அரசு காட்டிய ஆதாரங்களில் அதுவும் ஒன்று. அதனால் இந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளும் பொறுப்பு நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

பழைய சட்டம் 1930ஆம் ஆண்டினுடையது. சூதாட்ட விடுதி நடத்துகிறவரையும் தெருவில் பந்தயம் கட்டுகிறவரையும் பிடிப்பதற்காக எழுதப்பட்டது. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் மூணு சீட்டு போடுகிறவரைப் போலீஸ் விரட்டினால் அது புரிகிறது. ஆள் இருக்கிறார், இடம் இருக்கிறது. கைப்பேசியில் இடம் எங்கே?

இன்னொரு சிக்கல், திறமையா அதிர்ஷ்டமா என்பது. சிகந்தராபாத்தில் ஒரு கிளப்பில் ரம்மி ஆடிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ரம்மியில் திறமைக்கே பெரும்பங்கு என்று 1968இல் தீர்ப்பு வந்தது. சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டும் என்பது காரணம். அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டுதான் பின்னாளில் இணைய ரம்மி நிறுவனங்கள் எல்லா நீதிமன்றங்களிலும் வாதாடின. நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவதும், நள்ளிரவில் முகம் தெரியாதவருடன் ஒரு சிறுவன் தனியாக ஆடுவதும் ஒன்றா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

தமிழ்நாடு 2020 நவம்பரில் அவசரச் சட்டமும் 2021இல் சட்டமும் கொண்டுவந்தது. திறமை விளையாட்டுகளையும் சேர்த்துத் தடுத்தது செல்லாது என்று 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அடுத்து ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. தற்கொலைத் தடுப்புப் பணியில் நீண்ட காலம் இருக்கும் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அதில் இருந்தார். 2022 அக்டோபரில் சட்டமன்றம் புதிய மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றி அனுப்ப, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகள் என்று சேர்த்த பட்டியலை நீக்கிவிட்டது. சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: மசோதா, அவசரச் சட்டம், ஆளுநர் ஒப்புதல், நீதிப் புனராய்வு என்று நாம் தனித்தனியாக நடத்துவதெல்லாம் இந்த ஒரே கதையில் இருக்கிறது.

தடுக்க முடியாததைக் கட்டுப்படுத்த, மாநில இணைய விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் விதிகள் வெளியிட்டது. பணம் கட்டி ஆடுவதில் 18 வயதுக்கு உட்பட்டோர் சேரக் கூடாது. ஆதார் வழியாகச் சரிபார்க்க வேண்டும். நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கூடாது. 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் இவற்றை ஏற்றது.

இரண்டே மாதத்தில் நாடாளுமன்றம் ஒரு படி மேலே போனது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் எதிர்பார்த்து ஆடும் இணைய ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது என்ற சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு, 50 லட்சம். இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து ட்ரீம்11 பெயர் போனது இதனால்தான் என்று சொன்னால் மாணவர்களுக்குச் சட்டென்று புரியும். சூதாட்டம் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் 34ஆவது இனம். ஆகவே மத்திய அரசு இதில் சட்டம் இயற்றலாமா என்ற வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின.

எங்கள் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "மிஸ், நகரிக்குப் போய் விளையாடினா தமிழ்நாட்டுச் சட்டம் வராதில்ல?" பஸ் ஏறினால் ஆந்திரா என்று வளர்ந்த பிள்ளைக்குத் தோன்றக்கூடிய கேள்விதான். ஆந்திரமும் 2020இலேயே தன் 1974ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தைத் திருத்தி இணைய ஆட்டத்தைத் தடுத்துவிட்டது என்றேன். "அப்போ எங்க போனாலும் மாட்டுவோமா?" என்றான்.

அந்த "மாட்டுவோமா"வைத்தான் உங்களிடம் முக்கியமாகப் பேச விரும்புகிறேன். விழிப்புணர்வு என்ற பெயரில் நாம் பெரும்பாலும் செய்வது பயமுறுத்தல். "ஆடினா ஜெயில்." மாநிலச் சட்டத்தில் சூதாடுகிறவருக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்று இருப்பது உண்மை. ஆனால் மத்தியச் சட்டம் ஆடுகிறவருக்குத் தண்டனையே வைக்கவில்லை. நடத்துகிறவர், விளம்பரப்படுத்துகிறவர், பணப் பரிமாற்றத்துக்குத் துணைபோகிறவர் இவர்களைத்தான் பிடிக்கிறது. 18 வயது நிரம்பாத பிள்ளையைச் சிறைக்கு அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. எதுவானாலும் இளைஞர் நீதிக் குழுமம்தான். ஜெயில் என்று நாம் சொன்ன நாளிலிருந்து பணத்தை விட்ட பையன் வாயைத் திறக்க மாட்டான். விட்டதைப் பிடிக்க மறுபடி ஆடுவான், கடன் கேட்பான். விபரீதம் நடப்பது அந்த மௌனத்தில்தான்.

எல்லா ஆட்டத்தையும் சூது என்று திட்டுவதும் வேண்டாம். ஃப்ரீ ஃபயர் மேக்ஸில் பையன் டைமண்ட் வாங்குவது வீண் செலவாக இருக்கலாம், சண்டைக்கும் காரணமாகலாம். ஆனால் பதிலுக்குப் பணம் வரும் என்று கட்டுவதில்லை. இந்த வித்தியாசத்தை மாணவர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். நாம் தப்பாகச் சொன்னால் மற்றதையும் நம்ப மாட்டார்கள்.

பெரிய நிறுவனங்கள் நிறுத்திய பிறகும் வெளிநாட்டுப் பந்தயச் செயலிகள் டெலிகிராம் வழியாக வந்துகொண்டுதான் இருக்கின்றன. அரசு முடக்க முடக்க வேறு பெயரில் வருகின்றன. வயது வரம்பும் பல வீடுகளில் காகிதத்தோடு சரி. சிம் அப்பா பெயரில், ஆதார் அப்பா பெயரில், ஓடிபி வருவதும் அதே போனுக்கு. பள்ளிப்பட்டுப் பக்கம் தறி ஓட்டும் பெற்றோருக்கு யுபிஐ போட்டுக் கொடுத்தவனே பிள்ளைதான். பின் எண்ணும் அவனுக்குத் தெரியும். எந்தச் சட்டமும் அந்தப் போனுக்குள் வராது. ஆகவே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சட்டப் பிரிவுகளைவிட, பின் எண்ணைப் பெற்றோரே மாற்றுவது எப்படி, வங்கிக் குறுஞ்செய்தியைப் படிப்பது எப்படி என்று பத்து நிமிடம் காட்டுங்கள். எங்கள் பள்ளியில் அதற்குத்தான் அம்மாக்கள் அதிகம் கேள்வி கேட்டார்கள்.

பணம் ஏமாந்தது தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. பழைய சூதாட்டச் சட்டத்தின் ஆண்டும் 1930தான் என்பதால் எனக்கு இது மறப்பதே இல்லை. பையன் மனம் உடைந்திருந்தால் நம் துறையின் 14417 இருக்கிறது. இரண்டு எண்களையும் வகுப்பறைச் சுவரில் எழுதிவையுங்கள். உங்கள் பள்ளிகளில் இப்படி ஏதாவது நடந்திருந்தால், பெயர் சொல்லாமல் இப்போது பேசலாம்.