கண் சிவப்பா? கடையில் சொட்டு மருந்து கேட்கும் முன்...
(பொதுமக்களுக்கான கண் நலக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கண் சிவந்து, உறுத்தி, தண்ணீர் வடிஞ்சா நம்ம ஊர்ல உடனே என்ன சொல்வோம்? "மெட்ராஸ் ஐ"தான்! நேரே மெடிக்கல் ஷாப்புக்குப் போய், "கண் சிவப்புக்கு ஒரு சொட்டு மருந்து குடுங்க"ன்னு கேட்போம். ஆனா அந்தச் சிவப்பு, கருவிழியில் ஹெர்பெஸ் வைரஸ் உண்டாக்கிய புண்ணாக இருந்தால், தவறான சொட்டு மருந்து பார்வையையே கெடுத்துவிடலாம். அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

முதலில் பெயரைக் கண்டு பயப்படாதீங்க. டாக்டர் "ஹெர்பெஸ்"னு சொன்னதும் பலர் கைபேசியில் தேடுவார்கள். அது பால்வினை நோய் என்று வரும். வெட்கப்பட்டு, வீட்டில்கூடச் சொல்லாமல் இருந்துவிடுவார்கள். கருவிழியைத் தாக்குவது பெரும்பாலும் ஹெர்பெஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை. இது சிறு வயதிலேயே எச்சில், முத்தம் வழியாக நம்மில் பலருக்கும் வந்துவிடும். காய்ச்சலுக்குப் பிறகு உதட்டோரத்தில் கொப்புளம் வருமே, அதே வைரஸ்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

இந்த வைரஸ் ஒருமுறை உள்ளே வந்தால் போகாது. முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் முடிச்சில் தூங்கிக்கொண்டிருக்கும். காய்ச்சல் வரும்போதோ, எதிர்ப்பு சக்தி குறையும்போதோ விழித்து, நரம்பு வழியாகக் கருவிழிக்கு வரும்.

எப்படி அடையாளம் காண்பது? மெட்ராஸ் ஐ ஒரு கண்ணில் தொடங்கி மறு கண்ணுக்கும் பரவும், பீளை தள்ளும். ஹெர்பெஸ் பெரும்பாலும் ஒரே கண்ணில்தான் இருக்கும். வெளிச்சம் பார்த்தால் கூசும், பார்வை மங்கும், நீர் வடியும். இன்னொரு விஷயம்: கருவிழியின் உணர்ச்சி குறைந்துவிடுவதால், புண் பெரிதாக இருந்தும் வலி குறைவாகத் தெரியலாம். "வலி இல்லையே"ன்னு தள்ளிப் போடாதீங்க.

கண்ணைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா? போதாது. மருத்துவர் கண்ணில் சாயம் விட்டு, நீல ஒளியில் பார்ப்பார். அப்போதுதான் மரக்கிளை போலக் கிளைவிட்ட புண் பச்சையாக ஒளிரும். கைபேசிக் கேமராவில் அது தெரியாது.

சரி, சிகிச்சை என்ன? மேல்பகுதிப் புண்ணுக்கு அசைக்ளோவிர் 3 சதவீதக் களிம்பு அல்லது கான்சிக்ளோவிர் ஜெல் கொடுப்பார்கள். வழக்கமாக ஒரு நாளைக்கு 5 முறை போட வேண்டும். சிலருக்கு மாத்திரை தருவார்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் கட்டாயம் முன்பே சொல்லிவிடுங்கள்; மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. சிவப்பைச் சட்டென்று குறைக்கும் சொட்டு மருந்துகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். போட்ட மறுநாள் கண் வெளுத்து, "ஆஹா, சரியாயிடுச்சு"ன்னு தோணும். ஆனால் உள்ளே வைரஸ் கட்டுப்பாடின்றிப் பெருகி, கிளை போன்ற புண் அகன்று பரவும். வைரஸ் கருவிழியின் ஆழமான அடுக்கைப் பாதித்து வீக்கம் வந்தால், அதே ஸ்டீராய்டை மருத்துவரே கொடுப்பார். ஆனால் வைரஸ் மருந்தின் பாதுகாப்போடு, கண்காணித்து, மெல்ல மெல்லக் குறைப்பார். ஆக, மருந்து கெட்டதில்லை. நாமாகப் போடுவதுதான் கெடுதல். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள்.

புண் ஆறினாலும் நோய் திரும்ப வரலாம். ஒவ்வொரு முறையும் தழும்பு கூடும். அடிக்கடி வருபவர்களுக்கு அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு 2 முறை, ஓராண்டு வரைகூடத் தருவதுண்டு. 1998-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், இப்படிச் சாப்பிட்டவர்களில் 19 சதவீதம் பேருக்கும், சாப்பிடாதவர்களில் 32 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. தழும்பு பார்வையை மறைத்துவிட்டால் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அதற்கு யாரோ ஒருவர் கண்தானம் செய்திருக்க வேண்டும். இறந்து 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும் என்பதை மனதில் வையுங்கள்.

அக்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெற்றியில், கண்ணைச் சுற்றி, மூக்கு நுனியில் கொப்புளம் வந்தால், காவி பூசி அக்கி எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். அது சின்னம்மை வைரஸ், கண்ணையும் தாக்கும். 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் பலன் அதிகம்.

இனி உங்கள் கைபேசியை நல்லபடியாகப் பயன்படுத்துங்கள்:

• 5 வேளை மருந்துக்கும் 5 அலாரம் வையுங்கள்.
• மருந்துச் சீட்டையும், போட்ட சொட்டு மருந்தின் லேபிளையும் படம் எடுத்து வையுங்கள். அடுத்த முறை எந்த டாக்டரிடம் போனாலும் காட்டலாம்.
• எங்கே போவதென்று தெரியாவிட்டால் 104-ஐ அழைத்துக் கேளுங்கள்.
• கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் உடனே கழற்றிவிடுங்கள்.
• உதட்டில் கொப்புளம் இருக்கும்போது கைக்குழந்தையை முத்தமிடாதீர்கள். கொப்புளத்தைத் தொட்ட கையோடு கண்ணைக் கசக்காதீர்கள்.

ஒரு கண் சிவந்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்கினால், அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். மருந்துக்கடை அப்புறம்.