சாயத் தண்ணி பட்ட பூமியில் மரம் நடலாமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாதம் நொய்யல் கரையோரம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கணக்கு எழுதி முடித்ததும் ஒரு பெரியம்மா கேட்டாங்க: "ஏங் கண்ணு, நம்ம தரிசுல மரம் வெச்சா கெணத்துத் தண்ணி நல்லாயிருமா? லோன் வாங்கிச் செய்யலாமுன்னு பேசிக்கறோம்." கடன் வாங்குவதற்கு முன்னாலேயே கேட்டாங்களே, அதுவே பெரிய விஷயம்.

நடந்ததை யாரும் மறக்கவில்லை. பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணித் தொட்டியாகிப் போச்சு. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்பது இன்றைய விதி. ஆனால் அன்று பூமியில் இறங்கிய உப்பு பல கிணறுகளில் இன்னும் இருக்கிறது.

மரம் தண்ணியைச் சுத்தம் செய்யுமா? செய்த ஊர் உண்டு. சுவீடன் நாட்டில் என்ஷோப்பிங் என்ற ஊரில், 2000-ஆம் ஆண்டு வாக்கில், சாக்கடை சுத்திகரிப்பில் மிஞ்சும் தழைச்சத்து நீரைச் சுமார் 75 ஹெக்டேர் வில்லோ மரங்களுக்குப் பாய்ச்சினார்கள். மரம் அந்தச் சத்தைத் தின்று மளமளவென்று வளர்ந்தது. அதை வெட்டி எரித்து மின்சாரமும் வெந்நீரும் எடுத்தார்கள். ஆற்றைக் கெடுக்க வேண்டிய கழிவு விறகாக மாறியது.

நம்ம கதை வேறு. சாயம் துணியில் ஏறுவதற்கு உப்பு போடுகிறார்கள். அந்த உப்புதான் நம் மண்ணில் நிற்கிறது. மரம் தழைச்சத்தைத் தின்னும், உப்பைத் தின்னாது. வேர் தண்ணியை மட்டும் உறிஞ்சிக்கொண்டு, பெரும்பாலான உப்பை மண்ணிலேயே விட்டுவிடும். உப்புத் தண்ணியையே பாய்ச்சினால் உப்பு மேலும் சேரும்.

அப்படியானால் மரமே வேண்டாமா? வேணும். சவுக்கு, வேம்பு, புங்கன், கருவேலம் எல்லாம் ஓரளவு உப்பைத் தாங்கும். சோறு விளையாத பூமியில் விறகு விளையும். சாயப்பட்டறை பாய்லருக்கு விறகு தேவைப்படுகிறது, அதனால் விற்க வழி உண்டு. வேர் மண்ணைப் பிடிக்கும். மழைத் தண்ணி ஓடாமல் உள்ளே இறங்கும். கிணத்து உப்பு குறைய அந்த மழைத் தண்ணிதான் வழி.

கடன் கேட்கும் முன் நாலு வேலை செய்யுங்கள்:

1. மண்ணையும் தண்ணியையும் வேளாண்மைத் துறை ஆய்வகத்தில் பரிசோதனை செய்யுங்கள்.
2. சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டு, மழைக்கு முன் குழி எடுங்கள்.
3. வேகமாக வளரும் மரம் தண்ணியும் நிறையக் குடிக்கும். குடிநீர்க் கிணத்துப் பக்கம் தைல மரம் வேண்டாம்.
4. விறகு வாங்குபவரிடம் விலை கேட்டு, வெட்டுக்கு வரும் வருஷத்தைக் கணக்குப் போட்டுத் தவணை பேசுங்கள். மூணு, நாலு வருஷம் வருமானம் இருக்காது. மாதத் தவணை நம்ம கழுத்தைப் பிடிக்கும்.

அந்தப் பெரியம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "அப்ப மரம் விறகுக்கு, வரப்பு தண்ணிக்கு. அப்படித்தானே கண்ணு?" என்றாங்க. நான் இவ்வளவு நேரம் பேசியதை அவங்க ஒரே வரியில் சொல்லிட்டாங்க. இப்போது அந்தக் குழு முதலில் வரப்பு போடுவது என்று தீர்மானம் எழுதியிருக்கிறது.

உப்பை வராமல் தடுப்பது பட்டறையிலேயே நடக்க வேண்டிய வேலை. நம் ஓடையில் மறுபடி சாயம் ஓடினால், மரம் பார்த்துக்கொள்ளும் என்று சும்மா இருக்காதீர்கள். குழுவாகச் சேர்ந்து மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனுக் கொடுங்கள்.