வீடு கட்டும் கணக்கு



"இந்தக் கணக்கெல்லாம் எங்களுக்கு எதுக்கு ரீச்சர்?" என்று இந்த வகுப்பறைகளில் கேட்காதவர்கள் நம்மில் குறைவு. யுத்தத்தின் பின் வடக்கிலும் கிழக்கிலும் அதற்குப் பதில் கிடைத்தது. 2012 ஒக்ரோபரில், பயனாளிகளே கட்டும் முறையில் இந்திய வீட்டுத் திட்டம் தொடங்கியது. வீடொன்றுக்கு 550,000 ரூபா, கட்டங் கட்டமாகக் கிடைத்தது. கணவரை இழந்த பெண்கள் பலர் மேசனுக்குப் பக்கத்தில் நின்று மணலுக்கும் சீமெந்துக்கும் கணக்குப் பார்த்தார்கள்.

இந்தக் கணக்கு முதலில் பிழைப்பது அத்திவாரத்தில்தான். 20 அடிக்கு 27 அடி என்றால் 540 சதுர அடி. "இரண்டு அடிதானே" என்று நீளத்தையும் அகலத்தையும் கூட்டினால் 638 சதுர அடி. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது, பணம் கூடவில்லை. சுவர் யன்னல் மட்டத்தில் நிற்கும், மிச்சம் கடனாகும். அந்தக் கடனை நித்திரையின்மையாகவும் உயர் குருதி அமுக்கமாகவும் கிளினிக்கில் காண்பவர்கள், நம்மில் வைத்தியரானவர்கள்.

இதற்கு வேண்டியவை நூலும் அளவுநாடாவும்தான். மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி குறிப்போம். குறிகளுக்கிடையே 5 அடி வந்தால் மூலை செங்கோணம். பைதகரஸ் தேற்றம் முற்றத்துக்கு வந்துவிட்டது. பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளப்போம். அவை சமனாக இருக்கவேண்டும். கொங்கிறீற்றுக்கு 1:2:4 என்றால் சீமெந்து, மணல், கல் மூன்றையும் ஒரே பெட்டியால் அளக்கவேண்டும். சவளால் அள்ளிப்போட்டால் அது விகிதம் அல்ல.

மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் போதிய தூரம் விடுவோம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் வெடிப்புகளூடாக அழுக்குநீர் கிணற்றை அடைந்தால், கணக்கில் விட்ட பிழை பிள்ளையின் வயிற்றோட்டமாகத் தெரியும்.

இன்னொரு விகிதமும் உண்டு: 1:12. சக்கர நாற்காலி ஏறும் சாய்வுப்பாதைக்கு, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். காலை இழந்தவர்களும் வயது முதிர்ந்தவர்களும் வாழும் வீடுகளில் இதை அத்திவாரம் போடும்போதே நினைக்கவேண்டும். வீடு முடிந்தபின் முற்றத்தில் இடம் இராது.

இந்த மண்டபத்தின் வாசலிலும் மூன்று படிகள் இருக்கின்றன. படி ஒன்று ஆறு அங்குலம் என்றால் உயரம் ஒன்றரை அடி. வேண்டிய நீளம் 18 அடி. நூற்றாண்டு நினைவாக அந்தச் சாய்வுப்பாதையை நாம் அமைப்போம். அளவெடுத்து, சீமெந்து மூட்டைகளை எண்ணி, செலவைக் கணக்கிடும் வேலையைப் பத்தாம் வகுப்புத் தங்கைமாரிடம் கொடுப்போம். பணத்தை நாம் சேர்ப்போம். நாடாவை அவர்கள் பிடிக்கட்டும். நாளை தங்கள் வீட்டு அத்திவாரத்தில் நிற்கும்போது, "எத்தனை அடி?" என்று கேட்க அவர்கள் தயங்கமாட்டார்கள்.