காலில் புடைக்கும் நாளங்கள்

பல் வலித்தால் அன்றே வைத்தியரைத் தேடுகிறோம். கண் சிவந்தால் வீட்டார் அனைவரும் கவலைப்படுகிறார்கள். ஆனால் முழங்காலுக்குக் கீழே நீல நிறக் குழாயொன்று புடைத்துச் சுருண்டு நின்றால், உழைத்த காலுக்கு இது இயல்பு என்று எண்ணி, படங்கை இறக்கிக் கட்டிக்கொண்டு மலைக்குப் புறப்பட்டுவிடுகிறோம். இவ்வாறு மறைக்கப்படுகின்ற நோயைப் பற்றியே இன்று உங்களோடு பேசக் கருதுகிறேன்.

தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் வழியிலுள்ள லிந்துலைப் பகுதியை எடுத்துக்கொள்வோம். அந்தத் தேயிலைச் சரிவுகளில் காலைப் பெரட்டு முதல் மாலை நிறுவை வரை ஒரு பெண் தொழிலாளி பெரும்பாலும் நின்றபடியே உழைக்கிறார். முதுகிலே கூடை; காலடியிலே வழுக்கும் மண். தொழிற்சாலையில் வேலை செய்வோரோ ஒரே இடத்தில் மணிக்கணக்காக நிற்கிறார்கள். இத்தகையோருக்குக் கால்களே பிழைப்பின் மூலதனம். கணுக்காலில் ஆறாத புண் வந்தால் முழுப் பேர் அரைப் பேராகிறது. நாளடைவில் அரைப் பேரும் இல்லாமற் போகிறது. ஆகவே புடைத்த நாளத்தை அழகைப் பற்றிய சிறு குறையென்று ஒதுக்கிவிடலாகாது. அது குடும்பத்தின் வருவாயைப் பாதிக்கக்கூடிய நோய். உரிய காலத்தில் கவனித்தால் அந்தப் புண்ணைப் பெரும்பாலும் வராமலே தடுக்கலாம் என்பதைத்தான் இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக் கொள்வோம். மக்கள் இதனை நரம்பு சுருட்டல் என்கிறார்கள். உணர்ச்சியையும் மூளையின் கட்டளையையும் கொண்டுசெல்வது நரம்பு. இருதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுசெல்வது நாடி. சென்ற இரத்தத்தை மீண்டும் இருதயத்துக்குக் கொண்டுவருவது நாளம். காலிலே புடைத்துச் சுருள்வது இந்த நாளமே. வைத்தியர்கள் வெரிக்கோஸ் என்று கூறுவதை நாம் புடைநாளம் எனலாம். தோலின் மேற்பரப்பில் சிலந்தி வலைபோலச் சிவப்பாகவோ ஊதாவாகவோ படரும் நுண்ணிய நாளங்களுக்குச் சிலந்தி நாளம் என்று பெயர். தமிழ்நாட்டில் முற்காலத்தில் நரம்புச் சிலந்தி என்று மக்கள் அஞ்சிய நோய் வேறு. அது குடிநீர் வழியாக உடலுட் புகுந்த புழுவினால் உண்டானது. இந்தியாவில் அந்நோய் ஒழிந்துவிட்டதென்று உலக சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே சான்றளித்துவிட்டது.

இனி, நாளம் ஏன் புடைக்கிறது என்று பார்ப்போம். பாதத்திலுள்ள இரத்தம் இருதயத்தை அடைய மேல்நோக்கி ஏறவேண்டும். இதற்கென இயற்கை இரண்டு உபாயங்களைச் செய்துவைத்திருக்கிறது. முதலாவது, கெண்டைக்காற் சதை. நாம் அடியெடுத்து வைக்குந்தோறும் அச்சதை இறுகி, உள்ளேயிருக்கும் ஆழ்ந்த நாளங்களைப் பிழிந்து, இரத்தத்தை மேலே தள்ளுகிறது. இரண்டாவது, நாளத்தின் உட்புறத்தில் படிப்படியாக அமைந்துள்ள சிறு கதவுகள். வால்வுகள் எனப்படும் இவை, மேலே செல்லும் இரத்தத்துக்கு வழிவிட்டு, அது கீழே இறங்க முற்பட்டால் மூடிக்கொள்ளும். இத்தாலியின் பாதுவா நகரப் பேராசிரியரான பாப்ரீசியஸ் 1603இல் இக்கதவுகளைப் பற்றிப் படங்களுடன் நூலொன்று வெளியிட்டார். அவை எதற்காக அமைந்தன என்பதை விளக்கியவர் அவரிடம் பயின்ற ஆங்கிலேயரான வில்லியம் ஹார்வி. இரத்தம் உடலைச் சுற்றி வருகிறதென்பதை அவர் 1628இல் நிலைநாட்டினார்.

நேயர்கள் இருந்த இடத்திலேயே ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். கையைச் சற்று நேரம் தொங்கவிடுங்கள். புறங்கையில் நாளங்கள் புடைத்துத் தோன்றும். பின்னர் கையைத் தலைக்கு மேலே உயர்த்துங்கள். அவை வற்றித் தோலோடு தோலாகிவிடும். தாழ்ந்திருந்தால் இரத்தம் தேங்கும், உயர்த்தினால் வடியும். காலின் நிலையும் இதுவே.

ஒருவர் அசையாமல் நிற்கும்போது கணுக்கால் நாளத்திலுள்ள அழுத்தம் பாதரச அளவில் ஏறத்தாழ 90 மில்லிமீற்றராக இருக்கும். அவர் நடக்கத் தொடங்கினால், சதையின் பிழிவினால், அது 30க்கும் கீழே இறங்கிவிடும். நாளக் கதவுகள் பழுதடைந்தவருக்கோ நடந்தாலும் அழுத்தம் அவ்வளவாகக் குறைவதில்லை. மேலேற்றிய இரத்தம் மீண்டும் கீழே வழிகிறது. அந்தப் பாரத்தைத் தாங்க இயலாமல் நாளம் விரிகிறது. விரிந்தபின் அதன் கதவுகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. அதனால் அது மேலும் விரிகிறது.

இக்குறை சில குடும்பங்களில் பரம்பரையாக வருகிறது. கருவுற்ற காலத்தில் தாயின் உடலில் சுரக்கும் பொருள்கள் நாளத்தின் சுவரைத் தளர்த்துகின்றன. வளரும் கருப்பை வயிற்றிலுள்ள பெரிய நாளங்களை அழுத்துகிறது. ஆகவே பிரசவங்கள் பெருகப் பெருக நோயும் மிகலாம். வயது, உடற்பருமன், நெடுநேரம் நின்று செய்யும் தொழில் ஆகியனவும் துணை செய்கின்றன. இது பெண்களுக்கு மட்டும் உரிய நோயென்று ஆண்கள் எண்ணிவிட வேண்டாம். ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரில் ஆய்வு செய்து 1999இல் வெளியிட்ட முடிவின்படி, பெண்களில் 100க்கு 32 பேருக்கும் ஆண்களில் 100க்கு 40 பேருக்கும் புடைநாளம் காணப்பட்டது.

வாயுவும் குளிரும் கெட்ட இரத்தமும் இதற்குக் காரணமென்று கூறுவாருண்டு. நாளத்து இரத்தம் கருஞ்சிவப்பாக இருப்பதற்குக் காரணம், அதிலிருந்த பிராணவாயுவை உடல் எடுத்துக்கொண்டமையே. அந்த இரத்தம் நுரையீரலை அடைந்தவுடன் மறுபடியும் செந்நிறம் பெறும். ஆதலால் நாளத்தைக் கீறியோ அட்டையை விட்டோ கெட்ட இரத்தத்தை இறக்குவது பயனற்ற செயல், ஆபத்தும் உடையது.

நோயின் படிகளை இனி அறிந்துகொள்வோம். சிலந்தி நாளம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அச்சமில்லை. அது மிகப் பலருக்கு உண்டு. ஆனால் உட்புறக் கணுக்காலுக்குக் கீழே, பாதத்தின் ஓரமாக, நுண்ணிய நாளங்கள் விசிறி விரித்தாற்போல் பரவியிருந்தால் அதனை அலட்சியம் செய்யக் கூடாது. உள்ளே அழுத்தம் மிகுந்திருக்கிறதென்பதற்கு அது அடையாளமாகலாம். அடுத்து, மாலையில் கால் கனக்கும், கணுக்கால் வீங்கும், இரவிலே சதை பிடித்துக்கொள்ளும். அதன் பின்னர் கணுக்காலுக்கு மேலே தோல் கறுக்கும், அரிக்கும், தடித்துக் கடினமாகும். இந்தக் கறுப்பும் அரிப்பும் புண்ணுக்கு முன்னறிவிப்பு. இந்நிலையில் ஒரு தேயிலைக் குச்சி கீறினாலும், அட்டைக்கடியைச் சொறிந்தாலும், அச்சிறு காயம் ஆறாமல் அகன்று புண்ணாகிவிடலாம். எனவே வைத்தியரிடம் செல்வதற்கு உரிய காலம் தோல் கறுக்கத் தொடங்கும் காலமே.

வீட்டிலும் வேலைத்தலத்திலும் நாமே செய்யக்கூடியவை மூன்று: உயர்த்துதல், அசைத்தல், கட்டுதல்.

கால் இருதயத்தின் மட்டத்துக்கு மேலே இருக்குமாறு நாளுக்கு மூன்று நான்கு முறை, கால் மணி நேரமேனும் படுத்திருப்பது நலம். மலையில் வேலை செய்வோருக்குச் சரிவே இதற்கு உதவும். பகல் உணவுக்குப் பின் காய்ந்த இடம் பார்த்து, தலையைக் கீழ்ப்புறமும் காலை மேற்புறமும் வைத்துச் சாயலாம். இரவிலே கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தலாம்; பாயில் படுப்போர் மடித்த சாக்கைக் கெண்டைக்காலின் கீழ் வைத்துக்கொள்ளலாம். படுத்தால் மூச்சு முட்டும் இருதய நோயாளிகள் மட்டும் வைத்தியரைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

கொழுந்து மடுவத்தில் நிறுவைக்காகக் காத்திருக்கும்போதும், தொழிற்சாலையில் ஒரே இடத்தில் நிற்கும்போதும், குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். ஒரு முறைக்கு இருபது தடவை போதும். இதனால் கெண்டைச்சதை தன் வேலையைச் செய்யும். நடப்பதும் நன்மையே தரும். அசையாமல் நிற்பதே தீமை.

மூன்றாவது, கட்டு. நீளும் தன்மையுள்ள கிரேப் பண்டேஜை, காலையில் படுக்கையை விட்டு இறங்குமுன், கால் வீங்காதிருக்கும்போதே சுற்ற வேண்டும். விரல்களின் அடியிலிருந்து தொடங்கி, குதிகாலையும் சேர்த்து, முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிக்க வேண்டும். கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே செல்லச் செல்லத் தளர்வாகவும் இருத்தல் அவசியம். மேலே இறுகினால் இரத்தம் கீழே சிறைப்பட்டுவிடும். மழையில் நனைந்த கட்டை மாற்றுவதற்கு மற்றொன்றை வைத்துக்கொள்வது நல்லது. இதே பயனைத் தரும் அழுத்தக் காலுறைகளும் உண்டு. ஆனால் நீரிழிவு உள்ளவர்களும், பாதம் எப்பொழுதும் சில்லிட்டிருப்பவர்களும், நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் வலி தீர்பவர்களும் வைத்தியர் சோதிக்காமல் கட்டுப்போடக் கூடாது. அவர்களுடைய நாடிகள் அடைபட்டிருந்தால் இறுக்கமான கட்டு பாதத்துக்கே கேடாகும்.

இம்முறைகள் துன்பத்தைத் தணிக்கும். பழுதடைந்த கதவைச் சீராக்கமாட்டா. அதற்கு வைத்தியசாலைச் சிகிச்சை வேண்டும். ஒலியலைக் கருவியால் வலியின்றிக் காலைச் சோதித்து, எந்த நாளத்தில் இரத்தம் பின்வழிகிறதென்று இன்று கண்டுவிடலாம். ஜெர்மானியச் சத்திரசிகிச்சை நிபுணர் திரெண்டலன்பேர்க் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், தொடையிலே நாளத்தைக் கட்டிவிடும் முறையைக் கையாண்டார். பின்னர் நாளத்தை உருவி எடுக்கும் முறை பரவியது. இப்பொழுது தோலின் வழியே மெல்லிய குழாயை நாளத்துட் செலுத்தி, வெப்பத்தினால் அதனை மூடிவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தாலே போதும். நோயாளி அன்றே நடந்து வீடு திரும்பலாம். நுரையாக்கிய மருந்தை ஊசியால் ஏற்றி நாளத்தை ஒட்டச் செய்வதும் உண்டு. சிலந்தி நாளத்துக்கும் ஊசிமருந்து உதவும். ஆயினும் அது பெரும்பாலும் தோற்றத்தைப் பற்றியது.

நாளத்தை மூடிவிட்டால் இரத்தம் எவ்வழியாகப் போகும் என்று பலர் அஞ்சுகிறார்கள். காலின் இரத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, சதையினுள்ளே இருக்கும் ஆழ்ந்த நாளங்களின் வழியாகவே செல்கிறது. பழுதடைந்த மேல்நாளத்தை மூடினால் இரத்தம் நல்ல வழியிற் சேர்ந்துவிடும்.

புண் வந்தபின்னும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. புண்ணைத் தூய நீரால் கழுவி, முறையான அழுத்தக் கட்டுப் போடுவதே அதற்கு முதன்மையான மருந்து. பிரித்தானியாவில் 2004இல் வெளியான ஆய்வொன்றில், கட்டுடன் சத்திரசிகிச்சையும் பெற்றவர்களில் 100க்கு 12 பேருக்கு ஓராண்டுக்குள் புண் மீண்டும் வந்தது. கட்டு மட்டும் போட்டவர்களில் அது 28 பேருக்கு வந்தது. அங்கேயே 450 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், நாளத்தைத் தாமதமின்றி மூடியவர்களுக்குப் புண் ஆறுவதற்கு நடுக்கணக்காக 56 நாள்களும், தாமதித்தவர்களுக்கு 82 நாள்களும் ஆயின. நாட்கூலிக்கு உழைப்பவருக்கு அந்த 26 நாள்கள் எத்துணை பெரியவை என்று நான் கூற வேண்டியதில்லை.

இரண்டு ஆபத்துகளை மட்டும் எல்லோரும் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, இரத்தப் பெருக்கு. தோல் மெலிந்த இடத்தில் புடைநாளம் சிறு கீறலாலும் வெடிக்கலாம். வலி இராது, இரத்தமோ பீறிடும். அப்பொழுது நிற்பதும், காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பதும், உதவி தேடி ஓடுவதும் உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே தரையிற் படுத்து, காலை உயரத் தூக்கி, தூய துணியால் அவ்விடத்தை விடாமல் அழுத்துங்கள். பத்து நிமிடம் துணியை எடுத்துப் பார்க்க வேண்டாம். உடனிருப்பவர் வைத்தியசாலைக்குச் செல்ல ஏற்பாடு செய்யட்டும். வெடித்த நாளம் மீண்டும் வெடிக்கக் கூடும். ஆதலால் பெருக்கு நின்றுவிட்டாலும் சிகிச்சை பெறுவது அவசியம்.

இரண்டாவது, ஆழ்ந்த நாளத்தில் இரத்தம் உறைதல். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டை வலித்து, சூடாக இருந்தால் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடாதீர்கள். அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். உறைந்த கட்டி நுரையீரலுக்குச் சென்றால் மூச்சுத் திணறலும் மார்பு வலியும் உண்டாகும். உயிருக்கும் ஆபத்து நேரலாம். பிள்ளை பெற்ற தாய்மாரும், நெடுநாள் படுக்கையில் இருந்தவர்களும் இதில் மிகுந்த எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும்.

தாய்மார்களே, இன்று இரவு கால் கழுவும்போது இரு கணுக்கால்களின் உட்புறத்தையும் விளக்கொளியில் பாருங்கள். நிறம் மாறியிருந்தாலோ அரிப்பு இருந்தாலோ தோட்ட வைத்திய உதவியாளரிடம் வெட்கப்படாமல் காட்டி, பெரிய வைத்தியசாலைக்குக் கடிதம் கேளுங்கள். வீட்டிலுள்ள ஆண்கள், அம்மா காலை நீட்டிப் படுத்திருக்கும் அந்தக் கால் மணி நேரத்தில் அடுப்பு வேலையைக் கவனித்துக் கொள்ளட்டும். தோட்டத்தை நடத்துவோரும், நின்று வேலை செய்வோர் இடையிடையே உட்கார ஒரு வாங்கு போட்டுக் கொடுப்பாராயின், அது பெரும் உதவியாக இருக்கும்.